வீட்டுச் செலவைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

சிக்கனமாக இருக்கலாம் என்று ஒரு வீட்டில் முடிவெடுத்தால் முதலில் நடப்பது இதுதான்: யாராவது ஒருவர் அறை அறையாகப் போய் விளக்கை அணைக்க ஆரம்பிப்பார். அணைப்பது நல்லதுதான். ஆனால் 9 வாட் எல்இடி பல்பு ஒன்று பத்து மணி நேரம் எரிந்தாலும் 0.09 யூனிட்தான் ஆகும். 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் மூன்றே நிமிடத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இழுத்துவிடும். சிறுதுளி பெருவெள்ளம் என்று சொல்லிச் சொல்லியே நாம் துளிகளைத் துரத்திக்கொண்டிருக்கிறோம். வெள்ளம் வேறு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அதனால் இங்கே வரிசை முக்கியம். பெரிய செலவு முதலில், சின்னது அப்புறம்.

படி 1: ஒரு மாதம் எழுதுங்கள், எதையும் வெட்டாதீர்கள்

ஒரு நோட்டு போதும், அல்லது போனில் ஒரு குறிப்பு. தேதி, என்ன வாங்கினீர்கள், எவ்வளவு என்று மூன்றே கட்டங்கள். செயலி எல்லாம் ஆரம்பத்தில் தேவையில்லை. எந்தச் செயலி நல்லது என்று தேடுவதிலேயே ஒரு வாரம் போய்விடும். அன்றைய செலவை அன்றே எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான் விதி. நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் சில்லறைச் செலவு எதுவும் நினைவில் நிற்காது.

இந்த மாதம் செலவைக் குறைக்க முயலவே வேண்டாம். குறைத்துக்கொண்டே எழுதினால் உங்கள் வழக்கமான செலவு எவ்வளவு என்பது தெரியாமலே போய்விடும்.

மாதம் முடிந்ததும் வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, கடன், கட்டணங்கள், மற்றவை என்று பிரித்துக் கூட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வரும் காப்பீடு, பள்ளிக் கட்டணம், வரி, வண்டிப் பராமரிப்பு ஆகியவற்றை 12-ஆல் வகுத்து அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையைக் கடிப்பவை பெரும்பாலும் இந்த வருடாந்திரச் செலவுகள்தான். அவை வருவது தெரிந்தே இருந்தாலும், வரும்போது மட்டும் எதிர்பாராத செலவு என்று சொல்வோம்.

ஜப்பானியப் பத்திரிகையாளர் ஹானி மோட்டோகோ இப்படி எழுதுவதற்கென்றே வீட்டுக் கணக்குப் புத்தகம் ஒன்றை 1904-இல் கொண்டுவந்தார். நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்த முறையில் மாற்றுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

படி 2: ஒருமுறை முடிவெடுத்தால் மாதா மாதம் மிச்சமாகும் செலவுகள்

தினமும் மனதை அடக்கிச் சேமிப்பது எல்லோருக்கும் ஒத்துவராது. ஒரே நாள் உட்கார்ந்து முடித்துவிடக்கூடிய வேலைகளை முதலில் முடித்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கின் கடைசி 12 மாத விவரத்தை எடுங்கள். ஒரு மாதத்தை மட்டும் பார்த்தால் வருடச் சந்தாக்கள் கண்ணில் படாது. தானாகப் பணம் பிடிக்கும் ஒவ்வொன்றையும் வட்டமிடுங்கள். கடந்த மாதம் தொடாத சந்தாவை ரத்து செய்துவிடுங்கள். வேண்டுமென்றால் பிறகு சேர்ந்துகொள்ளலாம், பெரும்பாலும் சேர மாட்டீர்கள். போன், இணையத் திட்டங்களிலும் இதே கதைதான். மாதம் எத்தனை ஜிபி உண்மையில் பயன்படுத்துகிறீர்கள் என்பது போனின் செட்டிங்ஸிலேயே இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் திட்டத்தை முடிவு செய்யுங்கள்.

அடுத்தது வட்டி. கிரெடிட் கார்டில் பாக்கி வைத்திருந்தால், இந்தக் கட்டுரையின் மீதியைவிட அதுதான் முக்கியம். வட்டி விகிதத்தால் 72-ஐ வகுத்தால் கடன் இரட்டிப்பாக ஏறக்குறைய எத்தனை வருடம் ஆகும் என்று தெரியும். மாதம் 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36. அப்படியென்றால் எதுவும் கட்டாமல் விட்ட கடன் இரண்டே வருடத்தில் இரட்டிப்பாகும். அபராதம் தனி. சேமிப்புக் கணக்கில் பணத்தை வைத்துக்கொண்டு இப்படி ஒரு கடனையும் வைத்திருப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பதுதான். அவசரத்துக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு, வட்டி அதிகமுள்ள கடனை முதலில் அடையுங்கள்.

படி 3: மின்சாரத்தில் சூட்டைத் தேடுங்கள்

1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும். வீட்டிலுள்ள பெரும்பாலான சாதனங்களின் பின்பக்கத்திலோ அடியிலோ வாட் எண் இருக்கும். அதோடு ஓடும் மணி நேரத்தைப் பெருக்குங்கள். சூடாக்கும், குளிரவைக்கும் சாதனங்கள்தான் மேலே வரும்: வாட்டர் ஹீட்டர், ஏசி, மின்னடுப்பு, இஸ்திரிப்பெட்டி, ஃபிரிட்ஜ். விளக்கும் போன் சார்ஜரும் பட்டியலின் அடியில் இருக்கும்.

இன்று இரவே ஒரு சோதனை செய்யலாம். தூங்கப் போகும் முன் மின் மீட்டரில் உள்ள எண்ணைத் தசமப் புள்ளியோடு குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும், எதையும் போடுவதற்கு முன், மறுபடி பாருங்கள். உதாரணத்துக்கு, ஆறு மணி நேரத்தில் 1.2 யூனிட் கூடியிருக்கிறது என்று வையுங்கள். வீடே தூங்கும்போது 200 வாட் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். 24 மணி நேரமும் இப்படியே போனால் மாதம் 144 யூனிட். இதில் ஃபிரிட்ஜ், மின்விசிறி போன்ற நியாயமான பங்கு எவ்வளவு, மீதி யாருடையது என்று தேடுங்கள். ரிமோட்டில் அணைத்த டிவி, அதன் பெட்டி, ஒலிபெருக்கி, பழைய கணினி என்று ஒவ்வொன்றாகச் சுவிட்சை நிறுத்தி, அடுத்தடுத்த இரவுகளில் எண் இறங்குகிறதா என்று பார்த்தால் ஆள் அகப்படுவார். எந்நேரமும் 5 வாட் இழுக்கும் ஒரு பெட்டி வருடத்தில் சுமார் 44 யூனிட் சாப்பிடும்.

ஃபிரிட்ஜைத் தனியாகக் கவனிக்க வேண்டும், அது ஒரு நாளும் ஓய்வெடுப்பதில்லை. கதவின் ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடுங்கள். இழுத்தால் தாள் பிடித்துக்கொள்ள வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. ரப்பரை வெந்நீரில் துடைத்துப் பாருங்கள், அழுக்கு போனாலே சில சமயம் சரியாகிவிடும். இல்லையென்றால் ரப்பரை மட்டும் மாற்றலாம், புது ஃபிரிட்ஜ் வேண்டாம். உள்ளே 4 டிகிரி செல்சியஸ், உறைபெட்டியில் மைனஸ் 18 போதும். அதற்கும் கீழே இறக்குவது வீண்.

துணி துவைக்கும் இயந்திரத்தில் வெந்நீர் வைத்தால் மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரைச் சுடவைக்கவே போகிறது. சாதாரண அழுக்குக்குக் குளிர்ந்த நீரே போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய ஒயர், தளர்ந்த பிளக், மலிவு விலை எக்ஸ்டென்ஷன் பெட்டி இவற்றில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

படி 4: சமையலறை

கடையில் பேரம் பேசி மிச்சம் பிடிப்பதைவிட, வாங்கியது குப்பைக்குப் போகாமல் பார்ப்பது சுலபம். எறியும் ஒவ்வொன்றையும் ஒரு வாரம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் எழுதுங்கள். யாரையும் திட்டுவதற்காக அல்ல. ஒரே பொருள் இரண்டு முறை வந்தால் அதை அடுத்த முறை பாதி வாங்குங்கள்.

பழையதை முன்னால், புதியதைப் பின்னால் அடுக்குங்கள். கண்ணில் படாத டப்பா கெட்டே போகும். பழுத்த வாழைப்பழம், ஆப்பிள், தக்காளி எத்திலீன் வாயுவை வெளிவிடும். பக்கத்தில் கீரையை வைத்தால் சீக்கிரம் மஞ்சளாகிவிடும், பிரித்து வையுங்கள். மீந்த சாப்பாட்டை ஆறவிடலாம், ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். பொட்டலத்தில் ‘இந்தத் தேதிக்கு முன் சிறந்தது’ என்ற பொருளில் இருப்பது சுவை, தரம் பற்றியது. அந்தத் தேதி தாண்டியதுமே எறிய வேண்டியதில்லை. காலாவதித் தேதி என்று இருந்தால் அது வேறு விஷயம், அதில் விளையாட வேண்டாம்.

எரிபொருளுக்கு வருவோம். தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிட்டால் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதன் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. கூடுதல் தீ முழுவதும் ஆவியாகத்தான் போகும். அந்த ஆவி சாமானியமானதல்ல: ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் சக்தியைப்போல ஏழு மடங்கு, அதே ஒரு லிட்டர் முழுவதும் ஆவியாக வேண்டும். அதனால் கொதித்ததும் தீயைக் குறையுங்கள், மூடி போடுங்கள். ‘தளதள’ என்று கொதிப்பதும் மெல்லக் கொதிப்பதும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வேகவைக்கும். பயறு வகைகளை முன்கூட்டியே ஊறவைத்தால் அடுப்பு நேரம் இன்னும் குறையும்.

படி 5: தண்ணீர்

சொட்டும் குழாய்க்கு அடியில் ஒரு டம்ளர் வையுங்கள். 250 மில்லி டம்ளர் ஒரு மணி நேரத்தில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 6 லிட்டர், வருடத்துக்கு இரண்டாயிரம் லிட்டருக்கு மேல். பெரும்பாலும் ஒரு வாஷர் மாற்றினால் தீரும். கழிப்பறைத் தொட்டியில் கசிவு சத்தமில்லாமல் நடக்கும். தொட்டியில் சில துளி உணவு வண்ணம் விட்டு, கால் மணி நேரம் தண்ணீர் இழுக்காமல் விட்டுப் பாருங்கள். கீழே வண்ணம் தெரிந்தால் அடைப்பான் ரப்பர் தேய்ந்திருக்கிறது.

படி 6: வாங்கும் முன்

விலையை எடையால் வகுத்து 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்பது உண்மையில்லை. விலையை அப்படியே வைத்து எடையை மட்டும் குறைப்பதும் நடக்கிறது, அதைக் காட்டிக்கொடுப்பதும் இந்தக் கணக்குதான். மலிவாகவே இருந்தாலும் தீர்வதற்குள் கெட்டுவிடுமென்றால் வேண்டாம்.

அவசரமில்லாத பொருளை உடனே வாங்காமல் ஒரு பட்டியலில் தேதியோடு எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்தும் வேண்டுமென்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள். தள்ளுபடியைப் பொறுத்தவரை என் கருத்து ஒன்றுதான்: வாங்க நினைக்காத பொருளைப் பாதி விலைக்கு வாங்கினால் அது பாதி விலைக்கான செலவு, சேமிப்பு அல்ல. இன்னொரு பக்கம், தினமும் போடும் செருப்பு, தினமும் தூங்கும் மெத்தை போன்றவற்றில் மலிவைப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விலையை எத்தனை தடவை பயன்படுத்துவோம் என்பதால் வகுத்துப் பாருங்கள், நல்ல செருப்பு மலிவாகிவிடும்.

சோப்பைக்கூட வீட்டிலேயே செய்யச் சொல்லும் யோசனைகள் நிறைய உண்டு. பிடித்திருந்தால் செய்யலாம். மிச்சத்துக்காக மட்டும் என்றால், போகும் நேரத்தையும் கணக்கில் எழுதிப் பாருங்கள்.

படி 7: மிச்சமானதை அன்றே நகர்த்துங்கள்

சந்தாவை ரத்து செய்த தொகை அதே கணக்கில் கிடந்தால் வேறு எதற்காவது போய்விடும். சம்பளம் வரும் நாளிலேயே அந்தத் தொகை வேறொரு கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். முதல் இலக்கு ஒரு மாதச் செலவு, அப்புறம் மூன்று மாதம். எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம், முதல் படியில் எழுதிய நோட்டிலேயே தொகை இருக்கிறது. அந்த இரண்டாவது கணக்குக்கு ஏடிஎம் அட்டை வாங்காதீர்கள், போனில் பணம் அனுப்பும் செயலியிலும் அதை இணைக்காதீர்கள்.