மலையடிவாரத்தில் படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்காசி, செங்கோட்டை, புளியரை வட்டாரத்திலும், மாநில எல்லையிலுள்ள கோட்டைவாசலைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என இறங்கிச் செல்லும் கேரளப் பகுதியிலும் கைபேசியாலோ சிறிய கேமராவாலோ படம் எடுக்கும் ஆர்வலர்கள் இப்போது ஏராளம். நேரில் கண்ட அழகில் பாதிகூடப் படத்தில் வரவில்லை என்று அவர்களில் பலர் வருந்துவதையும், அதற்குக் கருவியின் விலையைக் காரணமாகச் சொல்வதையும் அடிக்கடி கேட்கிறேன். என் பார்வையில் முதன்மையான காரணம் வேறு. சூரியன் எந்தப் பக்கம் நிற்கிறது, மலை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை எண்ணிப் பார்க்காமலேயே பெரும்பாலானோர் படம் எடுத்துவிடுகிறார்கள்.

சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் படம் எடுக்க ஏற்றது என்ற பொது அறிவுரையை அப்படியே பின்பற்றுவது இவ்வட்டாரத்தில் தவறாகிவிடுகிறது. அந்த அறிவுரை மேற்கே தடையில்லாத சமவெளிக்கும் கடற்கரைக்கும் பொருந்தும். செங்கோட்டைக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்பதால், நாட்காட்டி காட்டும் நேரத்துக்கு வெகு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. பொன்னிற ஒளியை எதிர்பார்த்து ஐந்தரை மணிக்கு மேல் வயலோரம் வந்து நிற்பவருக்குப் பல நாட்களில் கிடைப்பது நிழல் படர்ந்த வயலும், பின்னால் வெளுத்துப்போன வானமும்தான். காலையில் நிலைமை நேர்மாறானது. கிழக்கிலிருந்து வரும் வெயில் மலைமுகத்தின் மீது நேராக விழுவதால் பாறை மடிப்புகளும் ஓடைத் தடங்களும் தெளிவாகத் தெரிகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மலையுச்சியில் கருமேகம் கவிந்திருக்க, கிழக்கே சமவெளியில் மட்டும் வெயில் அடிக்கும் வேளைகள் உண்டு. இருண்ட மேகத்தின் முன்னால் ஒளி பட்ட நெல்வயலும் தென்னந்தோப்பும் நிற்கும் அக்காட்சிக்காகவே அதிகாலையில் எழுந்து செல்லலாம்.

இதற்குச் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பூக்கும் இவ்வயல்களுக்கு வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் குற்றாலத்தில் குளித்துச் சாப்பிட்டு ஓய்ந்த பிறகு, மாலையில் வந்து சேர்கிறார்கள். சூரியகாந்தி நாள் முழுவதும் சூரியனைப் பார்த்துத் திரும்பும் என்ற நம்பிக்கை மொட்டுக்கும் இளஞ்செடிக்கும் மட்டுமே உண்மை. முழுதாக விரிந்து முதிர்ந்த பூ கிழக்கு நோக்கியே நிலைத்துவிடுகிறது. ஆகவே மாலையில் வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்பவருக்குப் பூவின் பின்புறம்தான் தெரியும். பூவின் முகத்தைப் பார்க்கச் சென்றாலோ வெயில் லென்ஸுக்குள் நேராகப் பாயும். காலையில் வயலின் கிழக்கு வரப்பில் நின்று மேற்கே பார்த்தால், வெயில் பின்னால் இருக்கும், பூக்கள் முகம் காட்டும், அவற்றுக்கு அப்பால் மேகம் சூழ்ந்த மலையும் அதே படச் சட்டத்துக்குள் வந்து சேரும். கணவாய் வழியே வரும் காற்று அம்மாதங்களில் வலுவாக இருக்கும் என்பதால், ஷட்டர் வேகத்தை, அதாவது ஒளி உள்ளே வரக் கேமரா திறந்திருக்கும் நேரத்தை, நொடியில் 250-இல் ஒரு பங்குக்குக் குறையாமல் வைத்துக்கொள்வது நல்லது. இல்லையேல் இதழ்கள் கலங்கிவிடும். நல்ல கோணத்துக்காகப் பயிருக்குள் இறங்கித் தண்டை ஒடிப்பதை மட்டும் எக்காரணத்தாலும் ஏற்க முடியாது. அது ஒருவருடைய அந்த ஆண்டு வருமானம்; வரப்பில் நிற்பதற்குக்கூட அவரிடம் கேட்டுக்கொள்வதே முறை.

அருவிப் படங்களில் நிகழும் தவறு ஒளியின் அளவைப் பற்றியது. கேமரா தான் காணும் காட்சி முழுவதையும் ஒரு நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவர முயல்கிறது. கரிய பாறை சட்டத்தின் பெரும்பகுதியை நிறைத்திருக்கும்போது, அந்த இருளை ஈடுகட்ட அது வெளிச்சத்தைக் கூட்டிவிடுவதால், நடுவே விழும் வெள்ளைநீர் எந்த விவரமும் இல்லாத வெண்பட்டையாகிப் போகிறது. கைபேசித் திரையில் அருவிநீரின் மீது விரலை வைத்து, தோன்றும் சிறு சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுத்தால் இது சரியாகும். நீர் பட்டுபோல் வழியும் படம் வேண்டுமென்றால் கால் நொடி அளவுக்கு ஷட்டர் திறந்திருக்க வேண்டும், அதற்கு முக்காலி கட்டாயம்; துளித்துளியாகச் சிதறுவது வேண்டுமென்றால் நொடியில் 500-இல் ஒரு பங்கு. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு வேகத்தில் எடுப்பதே பெரும்பாலான அருவிப் படங்கள் சாரமற்றுப் போவதற்குக் காரணம்.

குற்றாலத்தில் இதைவிடப் பெரிய தவறு ஒன்று சீசன்தோறும் நடக்கிறது. அருவி என்பது அங்கே மக்கள் குளிக்கும் இடம். குளித்துக்கொண்டிருக்கும் பெண்கள் சட்டத்துக்குள் வரும்படி கேமராவைத் திருப்புவது, அருவியைத்தான் எடுத்தேன் என்று எவ்வளவு சொன்னாலும், அத்துமீறலே. கூட்டம் நிறைந்திருக்கும்போது மேலே பாறை விளிம்பையும் அங்கிருந்து கிளம்பும் நீர்ப்புகையையும் மட்டும் எடுக்கலாம். அதற்கும் வழியில்லையென்றால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட வேண்டும்.

சாரல் காலத்தில் லென்ஸைப் பேணாமல் விடுவதும் பரவலாக உள்ளது. குளிரூட்டப்பட்ட காரிலிருந்து இறங்கியவுடன் எடுத்தால் கண்ணாடியில் ஈரம் படிந்து படம் மங்கும். சில நிமிடங்கள் பைக்குள்ளேயே வைத்து வெளிக்காற்றின் வெப்பத்துக்குப் பழகவிட வேண்டும். சட்டை நுனியால் துடைப்பது தூசியைக் கண்ணாடி மேல் தேய்ப்பதாகும். நனைந்த கேமராவைத் தோல் உறைக்குள் மூடி அலமாரியில் வைப்பவர்களின் லென்ஸுக்குள் பூஞ்சை படர்வது இவ்வட்டாரத்தில் அரிதல்ல. அது வளர்ந்து கண்ணாடியின் மேற்பூச்சை அரித்த பிறகு சுத்தம் செய்தாலும் தடம் போகாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் போதும்.

கட்டடங்களுக்கு வருவோம். தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் இராசகோபுரம் ஏறக்குறைய 180 அடி உயரம். அதன் அடியில் நின்று கைபேசியை மேல்நோக்கிச் சாய்த்தால் கோபுரம் பின்புறம் சரிவதுபோல் தெரியும். தெருவில் பின்னோக்கி நடந்து, கைபேசியைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தால் கோபுரம் நிமிர்ந்து நிற்கும். கிழக்கு நோக்கிய கோபுரம் என்பதால் காலை வெயிலே இதற்கும் ஏற்றது. புனலூரில் 1877-ஆம் ஆண்டைச் சேர்ந்த தொங்குபாலத்தை எல்லோரும் நுழைவாயிலில் நின்றே எடுக்கிறார்கள். அப்படங்களில் பாலத்தைத் தாங்கும் சங்கிலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே தெரிவதில்லை. பக்கவாட்டில் வந்து, கல்தூண்களையும் சங்கிலியையும் கல்லடையாற்றையும் ஒன்றாகக் காட்டும்போதுதான் அது என்ன வகைப் பாலம் என்பது பார்ப்பவருக்கு விளங்கும்.

தென்மலைக்கருகிலுள்ள பதிமூன்று கண் பாலத்தைப் பொறுத்தவரை ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: தண்டவாளத்தின் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். வளைவுகளும் குகைகளும் நிறைந்த அந்தப் பாதையில் ரயில் வருவது முன்கூட்டித் தெரியாது. 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவின்படி அத்துமீறி நுழைவோருக்கு ஆறு மாதம் வரை சிறை விதிக்கப்படலாம். கல்தூண்களின் அழகு தெரிவதும் கீழே நெடுஞ்சாலையிலிருந்துதான். மேலே நிற்பவருக்கு அவை கண்ணிலேயே படாது.

இந்தக் கொல்லம்–செங்கோட்டைத் தடத்தின் மலைப்பகுதியில் 2010-இல் மீட்டர்கேஜ் ரயில்கள் நிறுத்தப்பட்டு, 2018-இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. அதற்கு முன் பயணிகள் சன்னல் வழியே எடுத்த சாதாரணப் படங்களுக்கு இன்று தனி மதிப்பு உண்டு. ஆனால் எந்த நாள், எந்த நிலையம் என்ற குறிப்பு இல்லாதவற்றை என்னவென்று அடையாளம் காண முடிவதில்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அளவு சுருங்குவதோடு, எடுத்த நேரமும் இடமும் அடங்கிய விவரங்களும் நீங்கிவிடுகின்றன. ஆகவே மூலக்கோப்பை ஆவணமாக அனுப்புங்கள், வன்வட்டில் ஒரு படியும் வேறோர் இடத்தில் இன்னொரு படியும் வையுங்கள், கோப்புறையின் பெயரிலேயே ஊரையும் மாதத்தையும் ஆண்டையும் எழுதிவிடுங்கள்.