ஈடிப்பஸைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் 'ஈடிப்பஸ் மன்னன்' நாடகம் பாடத்தில் வந்தால், "ஆணவத்தால் அழிந்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். ஈடிப்பஸ் கோபக்காரன், அவசரக்காரன், சரி. ஆனால் தந்தையைக் கொன்றதும் தாயை மணந்ததும் யாரென்று தெரியாமல் செய்தவை. அவல நாயகன் தீய குணத்தால் அல்ல, ஏதோ ஒரு பிழையால் வீழ்கிறான் என்றுதான் அரிஸ்டாட்டிலும் சொல்கிறார். அந்தப் பிழையைக் குணக்கேடாக ஆக்கினால் அவன்மேல் இரக்கமே வராது.

அரிஸ்டாட்டில் சொன்னதை எல்லா நாடகத்துக்கும் சட்டமாக்கவும் வேண்டாம். அவர் பிறந்தது கி.மு. 384-இல், சோஃபக்ளீஸ் இறந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆனபிறகு. அதே சோஃபக்ளீஸின் 'ஃபிலோக்டெட்டீஸ்' நாயகனின் வீழ்ச்சியில் முடிவதில்லை. அவனுடைய புண் ஆறும் என்ற வாக்குறுதியோடு முடிகிறது.

அடுத்து, கொலையாளி யார் என்ற மர்மத்துக்காகப் படிப்பது. ஏதென்ஸ் மக்களுக்குக் கதை முன்பே தெரியும். தனக்கு முன் ஆண்ட லாயஸ் மன்னனைக் கொன்றவனைச் சபிக்கும் ஈடிப்பஸ், என் சொந்தத் தகப்பனுக்காகப் போராடுவதுபோல் போராடுவேன் என்கிறான். ஈடிப்பஸே லாயஸின் மகன், கொன்றவனும் அவனே என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. நாடக முரண் என்பது இதுதான்.

இதற்கு உதாரணமாகக் குருட்டுத் தீர்க்கதரிசியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். லாயஸின் விதவையும், இப்போது ஈடிப்பஸின் மனைவியும், உண்மையில் அவன் தாயுமான ஜொகாஸ்டாவைக் கவனியுங்கள். தெய்வக் குறி பலிக்காது என்று கணவனைத் தேற்றத்தான் வாயைத் திறக்கிறாள்: மகன் கையால் சாவான் என்று குறி சொன்ன லாயஸை மூன்று சாலைகள் கூடும் இடத்தில் கொள்ளையர்கள் கொன்றார்களாம், மகன் அல்ல. அப்படியோர் இடத்தில் ஒருவரைக் கொன்றிருந்த ஈடிப்பஸ் அதைக் கேட்டதும் நடுங்கிப் போகிறான். பிறகு அவன் வளர்ந்த கொரிந்து நகரிலிருந்து வந்த தூதன் அவன் பிறப்பைப் பற்றிப் பேசப்பேச அவளுக்கு முதலில் விளங்கிவிடுகிறது. இனிமேல் விசாரிக்காதே என்று கெஞ்சுகிறாள். கணவன் அடிமை வயிற்றில் பிறந்தவன் என்று தெரிந்துவிடுமோ என அவள் வெட்கப்படுகிறாள் என்று ஈடிப்பஸ் நினைத்துக்கொள்கிறான்! நாடகத்தில் இதைவிட வலிக்கும் இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம், "எல்லாம் விதி" என்று எழுதுவது. கொலையையும் மணத்தையும்தான் குறி சொன்னது. அவனே உண்மையைத் தோண்டியெடுப்பான் என்று அது சொல்லவில்லை. தீர்க்கதரிசி, ஜொகாஸ்டா, குழந்தையாக அவனைக் கைமாற்றிய கிழட்டு இடையன் எல்லாரும் தடுத்தும் அவன் கேட்டுக்கொண்டே போனான். உண்மை தெரிந்து தன் கண்களைக் குத்திக்கொண்டபின், உன்னை இப்படிச் செய்யத் தூண்டிய தெய்வம் எது என்று கோரஸ் (நாடகத்தில் ஊராரின் குரலாகப் பாடும் குழு) கேட்கிறது. துன்பத்தைத் தந்தது அப்போலோ, ஆனால் குத்தியது என் கைதான் என்கிறான்.