தட்டுத் தண்ணீரில் படிகத்தைப் பார்க்க

படிகத்தின் மேற்பரப்பில் ஒலி அலை ஓடினால் அதில் படும் எக்ஸ் கதிர் என்ன ஆகும் என்று, பாளையங்கோட்டையில் என்னிடம் டியூஷன் படிக்கும் பையன் கேட்டான். அந்தக் கருவிகள் நம்மிடம் ஏது? ஆனால் ஒரு தட்டுத் தண்ணீரையும் சிவப்பு லேசர் பேனாவையும் வைத்து அதே சங்கதியைச் சுவரில் காட்டிவிடலாம்: ஒலி அலைக்குப் பதில் நீரலை, எக்ஸ் கதிருக்குப் பதில் லேசர்.

விளிம்பு தாழ்ந்த, அகலமான தட்டு வேண்டும். முதல்முறை அவசரத்தில் நான் எடுத்தது அல்வா ஆறவைத்த தட்டு. கழுவித்தான் இருந்தது, ஆனாலும் நெய்ப்பிசுக்கு போகவில்லை. அலை நாலு விரற்கடை போவதற்குள் செத்துவிட்டது. வெந்நீர் ஊற்றித் தேய்த்து, சோப்பும் மிஞ்சாமல் பலமுறை அலசுங்கள். அடியில் கறுப்பு பிளாஸ்டிக் தாளைப் போட்டு, விளிம்புவரை தண்ணீர் நிரப்புங்கள்.

அடுத்து அதிர்வு. செல்போனோடு இணைத்த ஒரு ஸ்பீக்கரைத் தட்டின் பக்கத்தில் மல்லாக்க வையுங்கள். அதன் கூம்பில் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை ஒட்டி, மறுமுனையில் பாதி பிளேடைக் கட்டுங்கள். பிளேடின் நீள விளிம்பு தண்ணீரைத் தொட்டால் போதும், முங்கக் கூடாது. போனில் 200 ஹெர்ட்ஸ் ஒலியை மெல்ல வையுங்கள். நீர்ப்பரப்பில் சுமார் 2.25 மி.மீ. அலைநீளத்தில் சிலிர்ப்பு ஓடும்.

லேசரை ஒரு மீட்டருக்கு 5 செ.மீ. இறங்கும்படி, அதாவது 3 டிகிரி சாய்த்து, அலை ஓடும் திசையிலேயே அடியுங்கள். பிளேடு குறுக்கே வரக் கூடாது. கண்ணுக்கு நேரே லேசர் வரவே கூடாது. மின்விசிறியை நிறுத்துங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று எங்கள் ஜன்னலை விடுவதில்லை. அந்த மாதங்களில் விடியற்காலையே நல்லது.

4 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரைப் பாருங்கள். ஒற்றைப் புள்ளி இருந்த இடத்தில் மேலும் கீழும் சுமார் 2 செ.மீ. இடைவெளியில் துணைப்புள்ளிகள் முளைத்திருக்கும். ஒலியை இம்மியிம்மியாகக் கூட்டினால் அவை பிரகாசமாகும், நடுப்புள்ளி மங்கும். ஒரு கட்டத்தில் நடுப்புள்ளி அணைந்தே போகும். அப்போது அலையின் உயரம் சில மைக்ரோமீட்டர்தான்! பையன் தட்டையே பார்க்கவில்லை, சுவரிலேயே நின்றுவிட்டான்.

படிகத்திலும் இதே கதைதான். லித்தியம் நியோபேட் படிகத்தின் மேல் சீப்புப் பற்கள் கோத்தது போன்ற அலுமினிய மின்முனைகளைப் பதித்து மின்னலைவு கொடுத்தால், 1885இல் இயற்பியலாளர் ரேலி கணித்த மேற்பரப்பு அலை ஓடும். படிகத்தின் அணு அடுக்குகளில் பட்டு எக்ஸ் கதிர் பலமாகத் திரும்பும் கோணத்தில் தெரிவது பிராக் உச்சம், அதுதான் நம் நடுப்புள்ளி. அதன் இருபுறமும் துணை உச்சங்கள் எழும். அலை வலுத்தால் நடு உச்சம் தளரும்.

ஓரிடத்தில் ஒப்புமை உடைகிறது. தண்ணீரில் அதிர்வெண்ணை இரட்டித்தால் அலைநீளம் பாதியாகாது, 0.63 பங்காகும். படிகத்தில் வேகம் மாறாததால் சரிபாதியாகும்.

துணை உச்சங்களின் இடைவெளிக்குக் கணக்கு எளிது: அணுத்தள இடைவெளியை, அதாவது அடுத்தடுத்த அணு அடுக்குகளுக்கு இடையிலான தூரத்தை, ஒலியின் அலைநீளத்தால் வகுத்தால் கோணம் ரேடியனில் வரும். வினாடிக்கு 3,488 மீட்டர் வேகத்தில் ஓடும் அலைக்கு 872 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தால் அலைநீளம் 4 மைக்ரோமீட்டர். தள இடைவெளி 1.49 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மைக்ரோமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு) என்றால், டிகிரிக்கு மாற்றியபின் விடை சுமார் 0.002 டிகிரி. அந்தக் கோணத்தை எங்கள் வீட்டுச் சுவர்வரை நீட்டினாலும் 0.15 மி.மீ.தான் வரும்.