பாக்கு நீரிணையைத் திரையில் கடப்பது: புதிதாகக் குறும்படம் எடுப்போருக்கான புவியியல் செய்முறை

யாழ்ப்பாணத்தில் எல்லை கடக்கும் கதையைப் படமாக்க நினைக்கும் இளையோர் பலரும் முதலில் கமெராவைத் தேடுகிறார்கள். அதற்கு முன் தேட வேண்டியது வரைபடம். படகு எந்தத் திசையில் போகிறது, எத்தனை மணிநேரம் போகிறது, கரை எப்போது கண்ணுக்குத் தெரியும் என்பவற்றைக் கடலே தீர்மானித்துவிட்டது. திரைக்கதை அதற்குப் பணிய வேண்டும். எங்கள் ஊர்ப் பார்வையாளரில் இந்தக் கடலைத் தாங்களே கடந்தவர்கள் இருக்கிறார்கள். சூரியன் தவறான பக்கத்தில் உதித்தால் அந்தக் கணமே அவர்கள் படத்தை விட்டு வெளியே வந்துவிடுவார்கள்.

இங்கு உதாரணமாக ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். 1990 யூலையில் ஒரு குடும்பம் தலைமன்னாரிலிருந்து ஃபைபர் படகில் தனுஷ்கோடிக்குப் போகிறது.

படி 1: தூரத்தையும் திசையையும் அளவிடுங்கள்

கூகுள் எர்த்தில் அளவுகோல் வசதி இருக்கிறது. தலைமன்னார் முனையிலிருந்து தனுஷ்கோடியின் கடைக்கோடி முனையான அரிச்சல்முனைக்குக் கோடு இழுத்தால் ஏறக்குறைய 30 கிலோமீற்றர் வரும். திசை மேற்கு, சற்றே வடக்குச் சாய்வு. உங்கள் கதை காங்கேசன்துறைப் பக்கமிருந்து தமிழ்நாட்டின் கோடியக்கரைக்குப் போவதானால் தூரம் 55 கிலோமீற்றர் அளவில் இருக்கும், திசை வடமேற்கைவிட வடக்குக்குக் கிட்ட. இவை இரண்டும் முற்றிலும் வேறான பயணங்கள். ஒன்றின் காட்சியை மற்றதற்குப் பொருத்த முடியாது.

இந்தத் திசையைத் தாளில் பெரிதாக எழுதி ஒளிப்பதிவாளரிடம் கொடுங்கள். வடக்கைப் பார்த்துக் கமெரா வைத்தால், மேற்கே போகும் படகு திரையில் வலமிருந்து இடமாகப் போகும். வரைபடத்திலும் இந்தியா இடப்பக்கம்தான் இருக்கிறது. ஆகவே பார்வையாளருக்கு விளக்கம் தேவைப்படாது. ஒருமுறை இப்படித் தொடங்கினால் கடைசிவரை அப்படியே வையுங்கள். நடுவில் ஒரு காட்சியில் படகு இடமிருந்து வலமாகப் போனால் திரும்பி வருகிறார்கள் என்றே கண் புரிந்துகொள்ளும்.

படி 2: நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றர். எனவே 30 கிலோமீற்றர் சுமார் 16 கடல்மைல். ஆட்களும் மூட்டைகளும் ஏறிய படகுக்கு மணிக்கு 8 கடல்மைல் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மணிநேரம். 55 கிலோமீற்றர் என்றால் நான்கு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவு. எதிர்க்காற்று, இயந்திரம் நின்றுபோதல் போன்றவற்றைச் சேர்த்தால் நேரம் கூடலாம், ஆனால் குறையாது.

இந்தக் கணக்கைப் போடாததால் வரும் பிழைதான் அதிகம். மாலை ஆறு மணிக்குத் தலைமன்னாரில் புறப்பட்டவர்கள் விடியும்வரை கடலில் இருப்பதாக எழுதிவிடுவார்கள். அப்படி வேண்டுமென்றால் காரணம் சொல்லுங்கள்: இயந்திரம் நின்றது, மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டார்கள், ரோந்துக்குப் பயந்து காத்திருந்தார்கள். அந்தக் காரணமே பல நேரம் கதையின் மையமாகிவிடும்.

எரிபொருளையும் கணக்கில் சேருங்கள். 25 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம் முழு வேகத்தில் மணிக்குப் பத்து லீற்றருக்குக் குறையாமல் குடிக்கும். ஓட்டி திரும்பியும் வர வேண்டும். ஆகவே கோடியக்கரைப் பயணமானால் 80 லீற்றருக்கு மேல் மண்ணெண்ணெய்க் கலன்கள் படகில் இருந்தாக வேண்டும். அவை இடத்தை அடைக்கும், ஆட்கள் அவற்றின் மேல் சாய்ந்திருப்பார்கள், குழந்தைகள் அந்த மணத்தில் வாந்தியெடுப்பார்கள். கலனே இல்லாத வெறும் படகு பொய்யாகத் தெரிவது இதனால்தான்.

படி 3: திகதியை உறுதிசெய்யுங்கள்

“ஒரு மழைக்கால இரவு” என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். மாதம் மாறினால் காற்று, நிலவு, சூரியன் மூன்றும் மாறும்.

யூலையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும். மேற்கே போகும் படகுக்கு அது முன்னால் இடப்பக்கமிருந்து வரும். தலைமுடி, சேலைத் தலைப்பு, சாரம் எல்லாம் வலப்பின்பக்கமாகப் பறக்க வேண்டும், தண்ணீர் இடப்பக்கம் இருப்பவர்களை முதலில் நனைக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்குப் பெருமழை ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை. யூலைக் கதையில் அடைமழை பெய்தால் பிழை.

நிலவுக்கு, வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியில் பழைய திகதியைக் கொடுத்துப் பாருங்கள். 1990 யூலை 22 அமாவாசை. அதே மாதம் 25ஆம் திகதி இரவு என்றால் மெல்லிய பிறை, அதுவும் பொழுதுபட்டு இரண்டு, மூன்று மணிநேரத்துக்குள் மேற்கே, அதாவது படகின் முன்னால் மறைந்துவிடும். நள்ளிரவில் முழுநிலவு வேண்டுமானால் கதையின் திகதியை யூலை முதல் வாரத்தின் இறுதிக்கு நகர்த்துங்கள்.

கடிகாரத்தை ஏறக்குறைய எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இன்று இரு நாட்டுக்கும் ஒரே நேரம். 1996 மே மாதத்தில் இலங்கை தன் நேரத்தை ஒரு மணிநேரம் முன்னால் நகர்த்தியது. ஒக்டோபரில் அரைமணி பின்வாங்கி, 2006 ஏப்ரல்வரை இந்தியாவைவிட அரைமணி முன்னால் இருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே தொடர்ந்தது. 1999இல் நடக்கும் கதையில் யாழ்ப்பாண நகரக் கடிகாரமும் தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டக் கூடாது. நேரத்தைத் திருத்திக்கொள்ளும் ஒரு கை, எல்லை தாண்டியதை எந்த வசனத்தையும்விட நன்றாகச் சொல்லும்.

படி 4: கண்ணுக்கு எட்டும் தூரத்தைக் கணியுங்கள்

சூத்திரம் எளியது. உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானத் தூரம் கிலோமீற்றரில் வரும். படகில் குந்தியிருப்பவரின் கண் நீரிலிருந்து 1.2 மீற்றர் என்றால் அடிவானம் வெறும் 4 கிலோமீற்றரில் முடிந்துவிடும். தொலைவில் உயர்ந்து நிற்கும் பொருளுக்கும் இதே கணக்கைப் போட்டு இரண்டையும் கூட்டுங்கள். 3 மீற்றர் மணல்மேடு 10 கிலோமீற்றரிலும், 20 மீற்றர்ப் பனை 20 கிலோமீற்றரிலும் தலைகாட்டும். இது தெளிந்த பகலுக்கு. மூடுபனியும் தூசியும் இருந்தால் இன்னும் குறையும்.

இதிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, யாழ்ப்பாணக் கரையில் நின்று “அதோ இந்தியா” என்று கைகாட்ட முடியாது. இரண்டாவது, புறப்படும்போது முதலில் மறைவது கரையோர மணல், அடுத்து கூரைகள், கடைசியாகப் பனைமுடி. இந்த வரிசையில் மூன்று காட்சி எடுத்தால் ஊரைப் பிரியும் வலிக்குப் பின்னணி இசையே வேண்டாம். மூன்றாவது, அரிச்சல்முனை தாழ்ந்த மணல்நாக்கு. 10 கிலோமீற்றருக்குள் வந்த பிறகுதான் அது தெரியத் தொடங்கும், அதன்பின் கரைசேர 40 நிமிடம்வரை ஆகும்.

படி 5: சூரியனின் பக்கத்தைப் பாருங்கள்

கோடியக்கரைப் பயணத்தில் விடியல் வலப்பக்கம், பொழுதுபடுவது இடப்பக்கம். தலைமன்னார்ப் பயணத்தில் சூரியன் கிட்டத்தட்ட முன்னால் மறையும்: யூலையில் படகுமுனைக்குச் சற்று வலப்புறம், டிசெம்பரில் நன்றாக இடப்புறம்.

நண்பகலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் இறுதிவரை எங்கள் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் நேர்மாறு. யூலைக் கதையை ஜனவரியில் எடுக்க நேர்ந்தால் பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் வெளிக்காட்சி எடுக்காதீர்கள். பொழுதுபட்டபின் பயன்படும் வெளிச்சமும் இருபது நிமிடம்தான். ஐரோப்பியப் படங்களில் பார்க்கும் நீண்ட அந்தியை நம்பித் திட்டமிட்டால் பாதிக் காட்சி இருட்டிவிடும்.

படி 6: மாற்றுக் களம் தெரிவுசெய்யுங்கள்

தனுஷ்கோடிக்குப் போய் எடுக்கப் பணம் இருக்காது. வடமராட்சி கிழக்கின் மணற்காடு நல்ல மாற்று. அங்கே மணல்மேடுகளும் சிதைந்த பழைய தேவாலயமும் இருக்கின்றன. 1964 டிசெம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலய இடிபாட்டை அது நினைவூட்டும். ஆனால் சட்டகத்தை (கமெராவில் தெரியும் பரப்பை) இறுக்கிப் பிடியுங்கள். மணற்காட்டின் மேடுகள் உயரம் கூடியவை, அருகில் சவுக்குத் தோப்பும் உண்டு, கடலும் ஒரு பக்கம் மட்டுமே. தனுஷ்கோடியில் இரு பக்கமும் கடல். வடக்கே அமைதியான பாக்குக் கடல், தெற்கே அலையடிக்கும் மன்னார்க் கடல். அங்குள்ள மீனவர் முதலாவதைப் பெண்கடல் என்றும் மற்றதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். இரண்டு இடங்களில் கடலொலியைத் தனித்தனியே பதிந்து, இடக்காதுக்கும் வலக்காதுக்கும் வேறாகக் கொடுத்தால் பார்க்காத கடலும் அங்கே இருக்கும்.

அரிச்சல்முனைவரை போகும் தார்வீதி 2017இல் திறக்கப்பட்டது. 1990 கதைக்கு வெறும் மணல்தான்.

திறந்த கடல் காட்சிக்குக் காரைநகர் கசூரினாக் கடற்கரை உதவும். அது வடக்கு நோக்கியது, நெடுந்தூரம் ஆழமில்லை. இடுப்பளவு நீரில் நின்று வெறும் அடிவானத்தை வைத்துப் படகை எடுக்கலாம். யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் எடுத்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கரையோ மின்கம்பமோ மீன்பிடிக்கு நட்ட தடிகளோ புகுந்துவிடும்.

கரையின் கல்லையும் பாருங்கள். காங்கேசன்துறை முதல் மாதகல்வரை பெரும்பாலும் சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும், இடையிடையேதான் மணல். அகன்ற மணற்கரையைக் காட்டி “மாதகல்” என்று எழுத்துப் போட்டால் மாதகலார் சிரிப்பார்கள். கச்சதீவில் திருவிழாக் காலம் தவிரக் குடியிருப்பும் இல்லை, குடிநீரும் இல்லை. அங்கே கிணற்றில் தண்ணீர் அள்ளும் காட்சி வைக்காதீர்கள்.

படகு எண்களைக் கவனியுங்கள். இன்று யாழ்ப்பாணப் படகின் இலக்கத்தில் ஜே.எஃப்.என். என்ற எழுத்துகள் வரும், தமிழ்நாட்டுப் படகில் ஐ.என்.டி., டி.என். என்று வரும். கதையில் எதிர்ப்படும் இந்திய விசைப்படகாக எங்கள் படகு ஒன்றையே காட்ட வேண்டியிருந்தால் எழுத்துத் தெரியாத தூரத்தில் வையுங்கள்.

படி 7: இல்லாத கோட்டைக் காட்டுங்கள்

1974 உடன்படிக்கை பாக்கு நீரிணையிலும் 1976 உடன்படிக்கை மன்னார் வளைகுடாவிலும் எல்லையை வரைந்தன. கடலில் அதற்குப் பலகையோ கொடியோ மிதவையோ கிடையாது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள இராமர் அணைப் பகுதியில் கோடு மணல்திட்டுகளுக்கு நடுவே போகிறது. அண்மைய ஆண்டுகளில், குறிப்பாக 2022 பொருளாதார நெருக்கடியின்போது, ஓட்டிகள் ஆட்களைத் திட்டில் இறக்கிவிட்டுப் போக, இந்தியக் கடலோரக் காவற்படை வந்து மீட்ட நிகழ்வுகள் நடந்தன. நாற்புறமும் நீர், முழங்கால் உயர நிழல்கூட இல்லை, எந்த நாடு என்றும் தெரியாது. எல்லை என்பதை இதைவிடச் சரியாகக் காட்டும் நிலம் வேறில்லை.

இன்றைய கதைக்குக் கைபேசியின் வலையமைப்புப் பெயர் மாறுவதையும் ஜி.பி.எஸ். எண்ணையும் பயன்படுத்தலாம். 1990 கதைக்கு அவை ஆகாது. வானொலியும் துருவ நட்சத்திரமும்தான். எங்கள் அகலாங்கில் அந்த நட்சத்திரம் அடிவானிலிருந்து பத்துப் பாகைக்குள் நிற்கும், கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அந்த உயரம். மேற்கே போகும் படகுக்கு அது வலப்பக்கம்.

படி 8: ஒலி

இயந்திரம் ஓடும்போது மெதுவாகப் பேசினால் கேட்காது. உரையாடலைக் காதோடு கத்த வையுங்கள், அல்லது இயந்திரம் நின்ற பின் வையுங்கள். பாக்குக் கடல் ஆழம் குறைந்தது, அலை குறுகி அடிக்கடி படகின் அடியில் மோதும். இணையத்தில் இறக்கிய பெருங்கடல் ஓசை அதற்குப் பொருந்தாது.

படி 9: அனுமதியும் பாதுகாப்பும்

கிராம அலுவலர், பொலிஸ், அந்தக் கரையின் கடற்றொழிலாளர் சங்கம் மூவருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். இரவில் ஆட்களை ஏற்றிய படகு கடற்படைக்கு உண்மைப் படகாகவே தெரியும், ஆகவே அவர்களின் அனுமதியில்லாமல் இறங்கவே கூடாது. ட்ரோனுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகள் உண்டு. நடிகர்கள் சட்டைக்குள் மிதவை அணியட்டும், ஒரு பாதுகாப்புப் படகு சட்டகத்துக்கு வெளியே எப்போதும் நிற்கட்டும்.

எல்லை தூர தேசத்தில் இருந்தால்

புலம்பெயர் கதைகளில் பெலாரஸ், போலந்துக் காடுகள் வரும். அந்த அகலாங்கில் டிசெம்பர் நண்பகல் சூரியன் 15 பாகைக்கு மேல் ஏறாது. யாழ்ப்பாணத்தில் அதே உயரம் சூரியன் உதித்து ஒரு மணிநேரத்தில் கிடைக்கும். ஆகவே அவர்களின் நண்பகலை எங்கள் காலை ஏழரை மணிக்கு எடுங்கள், அரைமணிக்குள் முடியுங்கள். பனங்காட்டை அந்தக் காடாகக் காட்ட முடியாது. நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் பைன் தோப்புகள் இருக்கின்றன. அதுவரை போக முடியாவிட்டால் கதையை லொறியின் மூடிய பெட்டிக்குள் வையுங்கள். ஓட்டுநர் இருக்கை அங்கே இடப்பக்கம். படத்தைப் புரட்டிப் போட்டுச் சமாளித்தால் சட்டைப் பொத்தான்களும் பெயர்ப்பலகைகளும் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் தொகுப்பு முடிந்ததும் ஒலியை அணைத்துவிட்டு, அந்தக் கடலில் தொழில் செய்யும் ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். படகு எங்கிருந்து எங்கே போகிறது, என்ன மாதம், எத்தனை மணி என்று மட்டும் கேளுங்கள். மணி பிழைத்தால் வசனத்தில் திருத்தலாம், மாதம் பிழைத்தால் எழுத்துப்பலகையில் திருத்தலாம். திசை பிழைத்தால் அந்தக் காட்சியை மீண்டும் எடுக்கத்தான் வேண்டும்.