ஓடிக்கொண்டிருக்கும் ஜாங்கோ தளத்தில் வேக்டெயிலைச் சேர்ப்பது எப்படி?

ஒரு விதைக் கடைக்கு, பைத்தான் மொழியில் வலைத்தளம் எழுத உதவும் கட்டமைப்பான ஜாங்கோவில், ஆர்டர் வாங்கும் தளம் எழுதிக் கொடுத்திருந்தேன். விலை, இருப்பு, ஆர்டர் எல்லாம் நன்றாக ஓடியது. ஆனால் "ஆடிப்பட்டத்து விதைகள் வந்துவிட்டன" என்று ஒரு வரி மாற்ற வேண்டுமென்றாலும் கடைக்காரர் எனக்குப் போன் செய்ய வேண்டும், நான் டெம்ப்ளேட்டை, அதாவது பக்கத்தின் ஹெச்டிஎம்எல் அச்சை, திருத்தி மறுபடி சர்வரில் ஏற்ற வேண்டும். அவர் கடைச் செய்தியை அவரே எழுத முடிய வேண்டும் என்றுதான் வேக்டெயிலைச் சேர்த்தேன்.

வேக்டெயில், ஜாங்கோவின் மேல் எழுதப்பட்ட சிஎம்எஸ், அதாவது நிரலைத் தொடாமலே பக்கங்களை எழுதித் திருத்த உதவும் மென்பொருள். டார்ச்பாக்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 2014-இல் திறமூலமாக வெளியிட்டது. இது ஜாங்கோ ஆப்களாகவே, அதாவது திட்டத்தில் சேர்க்கும் தனித்தனிப் பகுதிகளாகவே, உங்கள் திட்டத்துக்குள் வந்துவிடும். டேட்டாபேஸும் பயனர் கணக்குகளும் ஏற்கெனவே இருப்பவைதான்.

கை வைப்பதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: எது எங்கே இருக்கப் போகிறது? கணக்குப் பார்க்க வேண்டியது ஜாங்கோவில், ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டியது வேக்டெயிலில். இதுதான் நான் கடைப்பிடிக்கும் விதி. விலையையும் இருப்பையும் சிஎம்எஸ் பக்கத்துக்குள் எழுத்தாகத் தட்டி வைத்தால், ஒரே விலை இரண்டு இடத்தில் இருக்கும், ஒருநாள் இரண்டும் வேறு வேறாகிவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தந்திருக்கிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1. டேட்டாபேஸை பேக்கப் எடுத்துவிட்டு, திட்டத்தின் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்குள் "பிப் இன்ஸ்டால் வேக்டெயில்" கொடுங்கள்.

படி 2. செட்டிங்ஸ்.பை கோப்பில், இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் வேக்டெயிலின் ஆப்களைச் சேர்க்க வேண்டும். அதிகாரபூர்வ ஆவணத்தில் முழுப் பட்டியலும் இருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பயிற்சிகளில் "வேக்டெயில்.கோர்" என்று இருக்கும். 2022-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அது வெறும் "வேக்டெயில்". புதியவர்கள் பலர் முதல் பிழையைப் பார்ப்பது இங்கேதான். அப்புறம் ரீடைரக்ட் மிடில்வேர் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிடும் பகுதி), தளத்தின் பெயர், படங்கள் சேமிக்க மீடியா ரூட், மீடியா யூஆர்எல் ஆகியவற்றையும் எழுதிவிடுங்கள்.

படி 3. யூஆர்எல்ஸ்.பை. இங்கே நிதானம் வேண்டும். ஜாங்கோ அட்மின் /அட்மின்/ முகவரியிலேயே இருக்கட்டும், வேக்டெயில் அட்மினுக்கு /சிஎம்எஸ்/ கொடுங்கள். தளத்தில் ஏற்றும் ஆவணக் கோப்புகளுக்கு /டாக்குமென்ட்ஸ்/. வேக்டெயில் பக்கங்களுக்கான வரி மட்டும் பட்டியலின் கடைசியில் வர வேண்டும். காரணம், ஜாங்கோ மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்தும் வரியிலேயே நின்றுவிடும். வேக்டெயிலின் வரியோ ஏறக்குறைய எந்த முகவரிக்கும் பொருந்தும். நான் முதல் தடவை அதை மேலே போட்டுவிட்டேன். /ஆர்டர்ஸ்/ திறந்தால் 404, அதாவது "பக்கம் இல்லை" என்ற பிழை. வேக்டெயில் அந்தப் பெயரில் தன்னிடம் பக்கம் இருக்கிறதா என்று தேடி, இல்லை என்று சொல்லிவிட்டது, அந்தப் பக்கத்தைத் தயாரிக்கும் என் வியூ ஃபங்ஷன் வரை கோரிக்கை போகவேயில்லை. அந்த ஒரு வரியைக் கீழே இறக்கியதும் ஆர்டர் பக்கம் திரும்பி வந்தது.

படி 4. "மேனேஜ்.பை மைக்ரேட்". இது வேக்டெயிலுக்கான டேபிள்களை உருவாக்கும், உங்கள் பழைய டேபிள்களைத் தொடாது. எல்லா அனுமதியும் உள்ள சூப்பர்யூசர் கணக்கு ஏற்கெனவே இருந்தால் அதை வைத்தே /சிஎம்எஸ்/ உள்ளே நுழையலாம்.

படி 5. "நியூஸ்" என்று ஒரு ஆப் தொடங்கி, அதை இன்ஸ்டால்டு ஆப்ஸில் சேருங்கள். அதன் மாடல்ஸ்.பை கோப்பில், வேக்டெயிலின் பேஜ் கிளாஸிலிருந்து "நியூஸ்பேஜ்" என்ற மாடலை எழுதுங்கள். அதில் ஒரு ரிச்டெக்ஸ்ட் ஃபீல்டு போதும். அந்த ஃபீல்டை கன்டென்ட் பேனல்ஸ் பட்டியலிலும் சேர்த்தால்தான் எழுதும் திரையில் தெரியும். பிறகு மேக்மைக்ரேஷன்ஸ், மைக்ரேட். டெம்ப்ளேட், டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரில் உள்ள நியூஸ் ஃபோல்டருக்குள் "நியூஸ்_பேஜ்.ஹெச்டிஎம்எல்" என்ற பெயரில் இருக்க வேண்டும். கிளாஸ் பெயரை வைத்து வேக்டெயிலே அதைத் தேடிக்கொள்ளும். டெம்ப்ளேட்டில் ரிச்டெக்ஸ்ட் ஃபில்டரை விட்டுவிட்டால் பத்திக்கான டேக்குகள் எழுத்தாகவே திரையில் தெரியும்.

படி 6. முகப்பை மாற்றுவது. மைக்ரேட் செய்ததும் ஒரு வரவேற்புப் பக்கம் தானாக உருவாகியிருக்கும். அதை உடனே நீக்காதீர்கள். தளத்தின் பதிவு அந்தப் பக்கத்தோடு கட்டப்பட்டிருக்கிறது, பக்கம் போனால் பதிவும் போய்விடும். முதலில் ரூட்டின் கீழ் உங்கள் பக்கத்தை உருவாக்குங்கள், செட்டிங்ஸில் சைட்ஸ் போய் அதை ரூட் பக்கமாக்குங்கள், பிறகு பழையதை நீக்குங்கள்.

தமிழில் தலைப்பு எழுதுவோருக்கு ஒன்று. ஸ்லக்கில், அதாவது பக்கத்தின் முகவரித் துண்டில், யூனிகோட் எழுத்து அனுமதி உண்டு. ஆனால் ஜாங்கோவின் சோதனை, பைத்தானின் எழுத்து வரையறையை நம்பியிருக்கிறது. அதில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் எழுத்துக் கணக்கில் வராது. "விதை" என்று எழுதினால் ஏற்காது. தலைப்பைத் தமிழில் வையுங்கள், ஸ்லக்கை மட்டும் ஆங்கில எழுத்தில் நீங்களே தட்டுங்கள்.

படி 7. இரண்டையும் இணைப்பது. நியூஸ்பேஜ் மாடலில் "கெட்_கான்டெக்ஸ்ட்" மெத்தடை எழுதி, இருப்பு உள்ள விதைகளை உங்கள் ஜாங்கோ மாடலிலிருந்து எடுத்து டெம்ப்ளேட்டுக்கு அனுப்புங்கள். மேலே கடைக்காரர் எழுதிய ஆடிப்பட்டச் செய்தி, கீழே இன்றைய இருப்பும் விலையும். ஆர்டர் வந்து இருப்பு தீர்ந்தால், செய்தியை யாரும் தொடாமலே பட்டியலிலிருந்து அந்த விதை நீங்கிவிடும்.

கடைசியாக, கடைக்காரருக்குத் தனிப் பயனர் கணக்கு உருவாக்கி மாடரேட்டர்ஸ் குழுவில் சேருங்கள். எடிட்டர்ஸ் குழுவில் போட்டால் அவரால் எழுத முடியும், வெளியிட முடியாது. மறுபடி உங்களுக்குத்தான் போன் வரும்.