கதவைச் சாத்திவிட்டு ஒரு பாட்டுக்கு ஆடுங்கள்

மனசு கனமாக இருக்கிற நாளில் வேகமான பாட்டைப் போட்டு ஆடப் பார்த்து, பாதியிலேயே எரிச்சலாகி உட்கார்ந்துவிட்டீர்களா? பாட்டின் வரிசைதான் தப்பு. முதலில் அப்போதைய மனநிலைக்குப் பொருந்துகிற மெதுவான பாட்டு, அப்புறம் கொஞ்சம் வேகமானது. நின்றபடி உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுங்கள், பாதம் முழுதாகத் தரையில் பதிவதைக் கவனியுங்கள், தோள்பட்டை காதுப்பக்கம் ஏறியிருந்தால் (பெரும்பாலும் ஏறித்தான் இருக்கும்) மூச்சை விடும்போது மெல்ல இறக்குங்கள், கை தானாக அசைய ஆரம்பிக்கும். கண்ணாடி வேண்டாம், அதன் முன்னால் நின்றாலே எப்படித் தெரிகிறோம் என்ற கவலை வந்துவிடுகிறது.

கூட ஒருவர் இருந்தால் எதிரெதிரே நின்று, அவர் அசைகிற மாதிரியே நீங்களும் அசையுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். விளையாட்டாகத்தான் தெரியும். ஆனால் 1942-இல் வாஷிங்டனில் உள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த மரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர், பேச்சால் நெருங்க முடியாத நோயாளிகளை நெருங்கியது இந்த வழியில்தான். கை நடுக்கமும் உடல் விறைப்பும் தருகிற பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் உள்ளவர்களில் பலருக்கு இசையின் தாளம் நடையை எளிதாக்குகிறது. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் 2001-இல் அவர்களுக்கென்றே நடன வகுப்பு தொடங்கினார்கள்.

முட்டிவலி, தலைசுற்றல் இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்தே ஆடலாம், சுழல்வது மட்டும் வேண்டாம். பத்து நிமிடம் போதும். மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறவர்கள், ஆடினால் நன்றாக இருக்கிறதே என்று தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.