ஆண்களுக்கான புற்றுநோய் விழிப்புணர்வு ஸ்டால்: முதல்முறை போடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுகாதார முகாமுக்கு ஆண்கள் வராமல் இல்லை. வருவார்கள், பிரஷர் பார்ப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். விரை, புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) என்று எழுதிய மேசை கண்ணில் பட்டால் மட்டும் நடை கொஞ்சம் வேகமாகும். அந்த மேசையில் அவர்களை இரண்டு நிமிடம் உட்கார வைத்துப் பேசுவதுதான் உங்கள் வேலை. இதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை. முன்கூட்டியே சில முடிவுகளை எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: யாரிடம் பேசப் போகிறீர்கள்?

'ஆண்களின் புற்றுநோய்' என்று ஒரே பேனர் போட்டாலும் அதற்குக் கீழே இரண்டு வேறு கூட்டங்கள் இருக்கின்றன. புராஸ்டேட் புற்றுநோய் 50 வயதுக்கு முன் அரிது. வயது ஏற ஏறத்தான் கூடும். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ வந்திருந்தால் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல். அவர்களும், ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களும் 45 வயதிலேயே மருத்துவரிடம் பேசத் தொடங்குவது நல்லது. விரைப் புற்றுநோய் இதற்கு நேர்மாறு: 15 முதல் 40 வயதுக்குள்தான் அதிகம். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996-ல் அது கண்டுபிடிக்கப்பட்டபோது வயது 25, நோயும் ஏற்கெனவே பரவியிருந்தது. அப்படியும் குணமானார்.

அதனால் துண்டறிக்கையை வயதுவாரியாக இரண்டாகப் பிரித்துவிடுங்கள். கல்லூரிப் பையனிடம் புராஸ்டேட் பற்றிப் பேசினால் அப்பாவிடம் சொல்கிறேன் என்று நழுவிவிடுவான். ஆண்குறிப் புற்றுநோய்க்கும் ஆண்களின் மார்பகப் புற்றுநோய்க்கும் தலா ஒரு பத்தி போதும். மார்பகப் புற்றுநோயில் ஏறக்குறைய நூற்றில் ஒன்று ஆண்களுக்கு வருகிறது. இதைக் கேட்டதும் பலர் நின்று 'ஆம்பளைக்குமா?' என்பார்கள். பேச்சைத் தொடங்க அது நல்ல இடம்.

படி 2: ரத்தம் எடுப்பதா, வேண்டாமா?

இங்கேதான் நிதானம் வேண்டும். புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையை முகாமில் இலவசமாகச் செய்தால் கூட்டம் வரும், படமும் நன்றாக வரும். ஆனால் அந்த எண் கொஞ்சம் சிக்கலானது. மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமுக்கு மேல் போனால் வழக்கமாக அடுத்த கட்டம் யோசிப்பார்கள். 4-லிருந்து 10-க்குள் வருபவர்களில் புற்று இருப்பது சுமார் நான்கில் ஒருவருக்குத்தான். மற்றவர்களுக்கு வயதான காலத்தில் வரும் புராஸ்டேட் வீக்கமோ தொற்றோ காரணமாக இருக்கலாம். 4-க்குக் கீழே இருந்தாலும் புற்று இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாளில் அவர் என்ன செய்தார் என்பதும் கணக்கில் வரும். விந்து வெளியேறியிருந்தாலோ நெடுந்தூரம் சைக்கிள் மிதித்திருந்தாலோ எண் உயரலாம். முடி உதிர்வுக்கோ புராஸ்டேட் வீக்கத்துக்கோ ஃபினாஸ்டரைட் மாத்திரை சாப்பிடுபவருக்கு எண் ஏறக்குறைய பாதியாகக் குறைந்து, பொய்யான நிம்மதியைத் தரும். இத்தனையையும் ஒரு நெரிசலான வரிசையில் கேட்டு எழுத முடியுமா என்று யோசியுங்கள். அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழுவின் 2018 பரிந்துரைகூட, 55 முதல் 69 வயதுக்குள் இருப்பவர்கள் மருத்துவரிடம் நன்மை தீமை பேசித் தாங்களே முடிவெடுக்கட்டும் என்கிறது. 70-க்கு மேல் இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைக்கவில்லை.

என் கருத்து: முதல் முகாமில் ரத்தம் எடுக்க வேண்டாம், பேச்சோடு நிறுத்துங்கள். எடுத்தே தீர வேண்டும் என்றால், எண் கூடுதலாக வந்தவரை எந்தச் சிறுநீரியல் மருத்துவர் பார்ப்பார், எத்தனை நாளில் பார்ப்பார், செலவு யாருடையது என்ற மூன்று கேள்விக்கும் பதில் எழுத்தில் இருக்கட்டும். அது கிடைக்காமல் ஊசியைத் தொடாதீர்கள்.

படி 3: மேசையை எங்கே போடுவது?

பிரஷர் பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். அங்கே காத்திருப்பவர்களுக்கு வேறு வேலை இல்லை. ஒரு நாற்காலியாவது நடைபாதைக்கு முதுகு காட்டி இருக்கட்டும். உட்கார்ந்தவரின் முகம் அந்த வழியே போகும் தெரிந்தவர்கள் கண்ணில் படாது. பேனரில் 'புற்றுநோய்' என்பதைவிட '50 தாண்டிவிட்டதா? ஒரு கேள்வி கேட்கிறோம்' மாதிரி வாசகம் ஆளை நிறுத்தும். நவம்பரில் மீசை வளர்த்து ஆண்களின் ஆரோக்கியம் பற்றிப் பேசவைக்கும், மெல்போர்னில் 2003-ல் தொடங்கிய மோவெம்பர் இயக்கம் மீசையை வைத்துச் செய்ததும் இதுதான்: என்ன திடீரென்று மீசை என்று எதிரில் இருப்பவர் கேட்க ஒரு சாக்கு. ரிப்பன், டிசர்ட், செல்ஃபி ஃபிரேம் எல்லாம் இருந்தால் இருக்கட்டும். அவற்றில் பணத்தைக் கொட்டாதீர்கள்.

படி 4: தொட்டுப் பார்க்க ஒன்று

மருத்துவக் கல்விப் பொருட்கள் விற்பவர்களிடம் சிலிகான் விரை மாதிரிகள் கிடைக்கும், உள்ளே பட்டாணி அளவு கட்டி ஒளித்து வைத்திருப்பார்கள். மேசையின் நடுவில் வையுங்கள். முதலில் ஒருவன் நண்பனைத் தள்ளிவிட்டுச் சிரிப்பான், சிரிக்கட்டும். பிறகு கையில் கொடுத்து, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே மெல்ல உருட்டச் சொல்லுங்கள். கட்டி விரலில் தட்டுப்பட்டதும் சிரிப்பு நிற்கும். அப்போது சொல்ல வேண்டியவை: வெந்நீரில் குளித்த பிறகு விரைப்பை தளர்ந்திருக்கும், அப்போது பார்ப்பது சுலபம். ஒரு விரை சற்றுப் பெரிதாகவோ கீழிறங்கியோ இருப்பது இயல்பு. பின்பக்கம் மெத்தென்று குழாய் மாதிரி தட்டுப்படுவது விந்தணுக்கள் தங்கிச் செல்லும் எபிடிடிமிஸ் என்ற சுருள்குழாய், கட்டி இல்லை. கெட்டியான கட்டி, வீக்கம், கனம் தெரிந்தால் வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். வலிக்கவில்லையே என்று தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

மாதாமாதம் பார்த்தே ஆக வேண்டும் என்று கட்டளை போடாதீர்கள். அதில் மருத்துவ அமைப்புகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. தன் உடம்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் மாற்றம் தானே தெரியும். சிறுவயதில் விரை இறங்காமல் இருந்தவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருக்கட்டும்.

படி 5: தன்னார்வலர்களுக்குப் பயிற்சி

அரை நாள் போதும். இரண்டு தவறான பேச்சுகளைத் திருத்துவதற்கே அதில் பாதி போகும். ஒன்று, 'அடிக்கடி ஒண்ணுக்குப் போகிறதா? அப்படியென்றால் புராஸ்டேட் புற்றாக இருக்கலாம்.' அந்தத் தொல்லைக்குப் பெரும்பாலும் புற்று அல்லாத வீக்கம்தான் காரணம். ஆரம்பநிலைப் புற்று பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. சிறுநீரிலோ விந்திலோ ரத்தம் வந்தால் எப்படியும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, 'ஒண்ணும் இருக்காது சார், பயப்படாதீங்க.' அது நமக்குத் தெரியாது. 'இதை டாக்டரிடம் காட்டிவிடுங்கள், இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்' என்று கையில் ஒரு அட்டையைக் கொடுப்பதோடு நம் எல்லை முடிகிறது.

புற்று என்றாலே ஆபரேஷன், அப்புறம் ஆண்மை போச்சு என்ற பயம் பலருக்கு உண்டு. பரவாத புராஸ்டேட் புற்றில் உடனே கத்தி வைக்காமல் தொடர்ந்து கண்காணிக்கும் வழியும் இருக்கிறது என்று சொல்லுங்கள். பிரிட்டனில் நடந்த ப்ரோடெக்ட் ஆய்வின் 15 ஆண்டு முடிவு 2023-ல் வந்தது: கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு மூன்றிலும் புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான். யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார்.

படி 6: முகாம் முடிந்த பிறகு

பெயரும் எண்ணும் வாங்கினால், எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் கேட்டு வாங்குங்கள். ஒரு வாரத்துக்குள் கூப்பிட்டு, மருத்துவரைப் பார்த்தாரா என்று மட்டும் கேட்டால் போதும். பகலில் எடுக்காதவர் சாயங்காலம் எடுப்பார். குறுஞ்செய்தி அனுப்புவதாக இருந்தால் அதில் புற்றுநோய் என்ற சொல்லோ பரிசோதனை முடிவோ வேண்டாம். அந்தப் போனை வீட்டில் வேறு யாராவது கையில் வைத்திருக்கலாம். 'முகாமிலிருந்து பேசுகிறோம், நேரம் கிடைக்கும்போது கூப்பிடுங்கள்' என்று அனுப்பிவிடுங்கள்.